ராக்கெட் விட ஒரு வயல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாட்களுக்கு முன்பு உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். பிள்ளைகள் பாட்டிலில் காற்றடித்து ராக்கெட் விடுகிறார்கள், அது தோட்டத்தில் வந்து விழுகிறது, போலீஸ் தடுக்க வேண்டும், ராக்கெட் விட மகேந்திரகிரி இஸ்ரோ தளத்தில் ஆள் இருக்கிறார்கள், இந்த வெளிநாட்டுக் கூத்தெல்லாம் நமக்கு எதற்கு, படிக்கிற பிள்ளைகள் படிக்கிற வேலையைப் பார்க்கட்டும் என்பது கடிதத்தின் சாரம். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. குலை தள்ளி நிற்கிற வாழையில் ஒரு பாட்டில் வந்து மோதினால் யாருக்கும்தான் கோபம் வரும். ஆனால் அந்தப் பாட்டிலுக்குக் காற்றடித்த பம்பு என் கடைப் பம்பு. ஆகவே பதில் எழுத வேண்டியவன் நான்.

பூதப்பாண்டி பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். வாடகை சைக்கிள் விட்ட காலமெல்லாம் போய், இப்போது அரசு கொடுக்கிற விலையில்லா சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவதும், கியர் சைக்கிளுக்குப் பிரேக் வயர் மாற்றுவதுமாகப் பிழைப்பு ஓடுகிறது. கடைச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறேன். 1960களில் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா ராக்கெட் தளத்தில் எடுத்தது. ராக்கெட்டின் மூக்குக் கூம்பை ஒரு சைக்கிள் கேரியரில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். பார்க்கிறவர்கள் இது என்ன படம் என்று கேட்பார்கள். இந்த நாட்டு ராக்கெட் முதலில் ஏறியது நம்ம சரக்கின்மேல்தான் என்று சொல்லுவேன். அந்தக் கேரியருக்கு ஸ்டே கம்பி தாங்குமா என்று படத்தை உற்றுப் பார்ப்பதும் உண்டு. தொழில் புத்தி, என்ன செய்வது?

இந்தப் பாட்டில் ராக்கெட் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தீபாவளி முடிந்த சமயம். பத்தாம் வகுப்புப் படிக்கிற பையன் ஒருவன் வந்து பழைய சீட் பைப் ஒன்று கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். “ஒரு பக்கத்த அடிச்சு அடைச்சுத் தாங்க அண்ணாச்சி” என்றான். “எதுக்கு மக்களே?” என்று கேட்டால் பதில் வரவில்லை. கூட வந்தவன் கையில் ஒரு பை. அதில் பெட்டி பெட்டியாகத் தீக்குச்சி, பிரித்துப் போட்ட தீபாவளி வாணம் வேறு. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. சீட் பைப் இரும்பு. அதற்குள் மருந்தைத் திணித்து ஒரு வாயை அடைத்தால் அதற்குப் பெயர் ராக்கெட் இல்லை, குண்டு. பைப்பையும் பையையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

திட்டி விரட்டியிருக்கலாம்தான். விரட்டினால் அடுத்த கடையில் போய்க் கேட்பான். அங்கே இருக்கிறவர் எதுக்கு என்று கேட்காமலே அடைத்துக் கொடுத்தாலும் கொடுப்பார்.

இதே சங்கதி 1950களில் அமெரிக்காவில் நடந்திருக்கிறது. பையன்கள் வீட்டுக் கொட்டகையில் குழாய்க்குள் மருந்து அடைத்து விட்டுப் பார்த்து, விரலும் கண்ணும் போய்க்கொண்டிருந்தன. 1957 அக்டோபர் 4 அன்று ரஷ்யாக்காரர்கள் ஸ்புட்னிக்கை மேலே அனுப்பிய பிறகு இந்தப் பைத்தியம் இன்னும் கூடிவிட்டது. அங்கேயும் தடை செய்ய வேண்டும் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் வழி கண்டுபிடித்தவர் ஒரு செருப்புக் கடைக்காரர். நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்கிற ஊரில் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல். வாணவேடிக்கையில் பிரியம் உள்ள மனிதர். அவருடைய சகோதரர் ராபர்ட்டுக்கு மாதிரி விமானத்தில் பித்து. ராக்கெட் எப்படிப் போகிறது என்று சகோதரர் பேசிக் காட்டுவதற்காக 1954இல் இவர் ஒரு குட்டி ராக்கெட் செய்து கொடுத்தார். உடம்பு காகிதக் குழல், இறக்கை பால்சா மரம், மேலே போனதும் உள்ளிருந்து பாராசூட் விரியும். எரிபொருளையும் கெட்டிக் காகிதக் குழலுக்குள்ளேயே அடைத்து, ஒரு தடவை எரிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாற்றுகிற மாதிரி வைத்தார்.

ஜி. ஹாரி ஸ்டைன் என்று ஒருவர், வொயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்தவர். பிள்ளைகள் ராக்கெட் செய்து அடிபடுவதைப் பற்றி 1957 தொடக்கத்தில் ஒரு பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்த கார்லைல் ஒரு கடிதம் எழுதி, தன் ராக்கெட்டையும் அனுப்பி வைத்தார். ஸ்டைன் விட்டுப் பார்த்தார், அசந்துபோனார். அந்த வருஷமே டென்வரில் ஒரு கம்பெனியும், விதிகளோடு ஒரு சங்கமும் தொடங்கியாகிவிட்டது. ஒரு கடைக்காரர் பத்திரிகை படித்துவிட்டு எழுதிய கடிதத்தில் ஆரம்பித்த காரியம் என்பதால்தான் நானும் துணிந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த மருந்துக் குழலுக்குத்தான் மோட்டார் என்று பெயர். அப்புறம் மோட்டார் போதவில்லை. கையால் செய்து மாளாது. 1958இல் வெர்ன் எஸ்டஸ் என்பவரிடம் சொல்ல, அவர் ஒரு இயந்திரம் கட்டினார். அதற்கு மேபல் என்று பெயர். ஐந்தரை விநாடிக்கு ஒரு மோட்டார் அடித்துத் தள்ளும். எல்லாம் ஒரே அளவு மருந்து, ஒரே அழுத்தம். இதுதான் முக்கியம். பிள்ளைகளுக்கு ஆபத்து வந்தது ராக்கெட் மேலே போவதால் இல்லை, மருந்தைக் கையால் கலந்து திணிப்பதால். அந்த ஒரு வேலையைத் தொழிற்சாலைக்கு மாற்றிவிட்டு, மிச்சம் எல்லாவற்றையும் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். குழல் வெட்டலாம், இறக்கை தேய்க்கலாம், பெயிண்ட் அடிக்கலாம், உயரத்தைக் கணக்குப் போடலாம்.

அந்த மோட்டாரின் படத்தை என் மகள் போனில் காட்டினாள். கட்டைவிரல் பருமன். அடியில் களிமண்ணால் செய்த சின்னத் துவாரம், அதற்கு மேல் வெடிமருந்து, அதற்கும் மேல் மெதுவாக எரிகிற ஒரு மருந்து, உச்சியில் பாராசூட்டைத் தள்ளிவிடக் கொஞ்சம். வெளியே ஏ8-3 என்று அச்சடித்திருக்கிறது. ஏ என்பது மொத்தத் தள்ளுசக்தியின் வகுப்பு. பி என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு, சி என்றால் அதற்கும் இரண்டு மடங்கு. 8 என்பது சராசரித் தள்ளுவிசை, நியூட்டன் கணக்கில். 3 என்பது எரிந்து முடிந்து எத்தனை விநாடி கழித்துப் பாராசூட் விரியும் என்பது. ஒரு டயரில் 26 இன்ச், இத்தனை பவுண்டு காற்று என்று எழுதியிருக்குமே, அதுபோல எல்லாம் மேலேயே இருக்கிறது. அந்தச் சங்கத்து விதிப்படி தீக்குச்சி கிழித்து வைப்பது அறவே கிடையாது. பேட்டரியிலிருந்து வயர் இழுத்து, பதினைந்து அடி தள்ளி நின்று, சத்தமாக எண்ணி, பொத்தானை அமுக்க வேண்டும். உலோக உடம்பு கூடாது. காற்று மணிக்கு 20 மைலுக்கு மேல் அடித்தால் விடக்கூடாது. மின்கம்பியில் சிக்கினால் எடுக்கப் போகவே கூடாது. ஏ மோட்டாருக்கு நூறு அடிச் சதுரமாவது இடம் வேண்டும், சி மோட்டாருக்கு நானூறு அடி. நம் ஊரில் பட்டம் விடுகிறவனுக்குக்கூட இவ்வளவு விவரமாக யாரும் சொல்லித் தந்ததில்லை.

அந்த மோட்டார் நம் ஊர்க் கடையில் கிடைக்காது. உரிமம் இல்லாமல் வெடிமருந்து செய்வது 1884ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டப்படி குற்றம், அது நியாயமும்கூட. ஆகவே நான் மருந்தை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு வந்தேன். நெருப்பே இல்லாத ராக்கெட். ஜப்பானில் விண்வெளி நிறுவனமே பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறது.

பாட்டில் என்றால் எந்தப் பாட்டிலும் ஆகாது. குடிதண்ணீர் பாட்டில் மெல்லிசு, விரலால் அமுக்கினாலே நெளியும். கலர், அதாவது கேஸ் அடைத்த குளிர்பானம், வருகிற பாட்டில்தான் வேண்டும். உள்ளே இருக்கிற வாயுவின் அழுத்தத்தைத் தாங்கத்தானே அதைச் செய்கிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். வெறும் காற்றை மட்டும் அடைத்தால் டப் என்று எகிறிப் பக்கத்திலேயே விழும், ஏனென்றால் காற்றுக்குக் கனம் போதாது. எதையாவது கனமாகக் கீழே தள்ளினால்தான் பாட்டில் மேலே போகும். சரி என்று தண்ணீரை நிறைய ஊற்றினாலோ காற்றுக்கு இடம் இல்லை. தண்ணீர் வெளியே வருவது ஒரு விநாடிகூட இல்லை. அதற்குள் வேகம் பிடித்துவிடும், மிச்சத் தூரமெல்லாம் அந்த வேகத்தில் போவதுதான். நின்று பார்க்கிறவர் சட்டை நனையும்.

நிற்க வைக்கிற ஸ்டாண்டு பி.வி.சி. குழாயில் செய்தது. பாட்டிலைக் கவிழ்த்துச் செருகி, கழுத்தில் இருக்கிற விளிம்பை வயர் கட்டுகிற பிளாஸ்டிக் டைகள் வட்டமாகப் பிடித்துக்கொள்ளும். அவற்றைச் சுற்றி ஒரு பெரிய குழாய்த் துண்டு வளையம் போல இறுக்கி நிற்கும். வளையத்தைக் கீழே இழுத்தால் டைகள் விரியும், பாட்டில் கிளம்பும். இழுப்பதற்குப் பழைய பிரேக் வயர்களை நீளமாக முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். காற்று ஏறுவதற்கு டியூப்லெஸ் டயரில் போடுகிற வால்வு. கேஜ் வைத்த பம்பு. 50 பவுண்டில் நிறுத்திவிட வேண்டும் என்பது என் கடைச் சட்டம். “இன்னும் ரெண்டு அடி அண்ணாச்சி” என்று கெஞ்சுவார்கள். கிடையாது. கீறல் விழுந்த பாட்டில் நேராகக் குப்பைக்கு.

இறக்கைக்குப் பழைய பிளாஸ்டிக் ஃபைல். மூக்கில் களிமண் உருண்டை. இதில் ஒரு சோதனை இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. தண்ணீர் இல்லாத ராக்கெட்டை விரலில் வைத்துப் பார்த்து, எடை சமமாக நிற்கிற இடத்தில் நூலைக் கட்டித் தலையைச் சுற்றிச் சுழற்ற வேண்டும். மூக்கு முன்னால் பார்த்துக்கொண்டு சுற்றினால் வானத்திலும் நேராகப் போகும். குறுக்கே திரும்பினால், மூக்கில் இன்னும் கொஞ்சம் மண் அல்லது வாலில் இன்னும் அகலமான இறக்கை. எடை நிற்கிற இடம் முன்னாலும், காற்று தள்ளுகிற இடம் பின்னாலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். கோயில் கொடையிலும் பள்ளித் திருநாளிலும் விடுகிற வாணத்துக்கு நீளக் குச்சி கட்டுவதும் இதற்காகத்தான். இதைக் கணக்காகவே போட ஜேம்ஸ் பாரோமன் என்கிற நாசா பொறியாளர் 1966இல் வழி எழுதிக் கொடுத்தார், பெரிய ராக்கெட்டுக்கு அல்ல, இந்த மாதிரிப் பொழுதுபோக்கு ராக்கெட்காரர்களுக்காக. சீட் பைப் கேட்டு வந்த பையன் இப்போது அந்தக் கணக்கைப் போடுகிறான். எனக்குப் புரியவில்லை. போடட்டும்.

இனி வாசகரின் வாழைத் தோட்டத்துக்கு வருகிறேன்.

திரவ எரிபொருளில் போன முதல் ராக்கெட்டை அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் கோடார்ட் 1926 மார்ச் 16 அன்று விட்டார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆபர்ன் என்கிற ஊரில், அவருடைய அத்தை ஒருவரின் தோட்டத்தில். பெட்ரோலும் திரவ ஆக்சிஜனும் போட்ட அந்த ராக்கெட் இரண்டரை விநாடி பறந்தது. ஏறிய உயரம் 41 அடி. எங்கள் பையன்களின் பாட்டில் அதைவிட மேலே போகிறது, கேட்டுக்கொள்ளுங்கள். விழுந்தது எங்கே தெரியுமா? முட்டைக்கோஸ் பயிருக்குள். அந்தப் பயிருக்காக யாரும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியதாகத் தெரியவில்லை, அத்தை வீட்டுத் தோட்டம் இல்லையா?

ஆனால் அக்கம்பக்கத்தார் பொறுமையும் ஒரு நாள் போய்விட்டது. 1929 ஜூலை 17 அன்று கோடார்ட் இன்னொரு ராக்கெட் விட்டபோது எழுந்த சத்தத்தில், விமானம் விழுந்துவிட்டது என்று ஊரே அலறிப் போன் போட்டது. போலீஸ் வண்டி வந்தது. தீத்தடுப்பு அதிகாரி இனி இந்த மாநிலத்தில் விடக்கூடாது என்று சொல்லிவிட்டார். சரி, ஊர்க்காரர்கள் பயமும் நியாயம்தான். அந்தச் செய்தியைக் கேள்விப்பட்ட விமானி சார்லஸ் லிண்ட்பர்க், குகன்ஹைம் என்கிற பணக்காரக் குடும்பத்தாரிடம் பேசிப் பணம் வாங்கிக் கொடுத்தார். 1930இல் கோடார்ட் நியூ மெக்சிகோவில் ராஸ்வெல் என்கிற ஊருக்குப் போனார். ஆள் நடமாட்டம் இல்லாத பொட்டல்காடு. அங்கேதான் ராக்கெட்டைத் திருப்பி ஓட்டுகிற வித்தையெல்லாம் செய்து பார்த்தார். ஒரு இடத்தில் கூடாது என்றார்கள், இன்னொரு இடம் கிடைத்தது. நான் கேட்பதும் அந்த இரண்டாவது பாதியைத்தான்.

கோடார்டைப் பற்றி இன்னொன்று. ஆசிரியர் கோபித்துக்கொள்ளக் கூடாது. 1920 ஜனவரி 13 அன்று நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அவரைக் கேலி செய்து தலையங்கமே எழுதியது. காற்று இல்லாத வெளியில் ராக்கெட் எதைத் தள்ளிக்கொண்டு போகும், பள்ளிக்கூடப் பாடம்கூட இந்தப் பேராசிரியருக்குத் தெரியவில்லையே என்கிற தோரணையில். தண்ணீரைக் கீழே தள்ளியதால் பாட்டில் மேலே போகிறது, வெளியே இருக்கிற காற்றைத் தள்ளி அல்ல என்பது என் கடைக்கு வருகிற ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அப்பல்லோ 11 சந்திரனுக்குக் கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17இல், அந்தப் பத்திரிகை வருத்தம் தெரிவித்துத் திருத்தம் போட்டது. கோடார்ட் 1945இலேயே இறந்துவிட்டார். அந்தத் திருத்தம் வந்தது, ஊரார் போலீஸுக்குப் போன் போட்ட அதே தேதி, நாற்பது வருஷம் கழித்து.

வெளிநாட்டுக் கூத்து என்று வாசகர் எழுதியதற்கும் ஒரு வார்த்தை. முதலில் வெடிமருந்தை அம்பில் கட்டி விட்டவர்கள் சீனாக்காரர்கள், அது உண்மை. ஆனால் இரும்புக் குழலில் மருந்தை அடைத்து, ஒரு கிலோமீட்டரைத் தாண்டிப் போகிற போர் ராக்கெட் ஆக்கியவர்கள் மைசூர்க்காரர்கள். ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் 1780 செப்டம்பரில் ஆங்கிலேயரின் கும்பினிப் படையை மடக்கிய புள்ளலூர், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம் தமிழ்நாட்டு மண். அந்தச் சண்டையில் ராக்கெட் விட்டார்கள். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு மைசூர் ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. வில்லியம் காங்கிரீவ் என்கிற ஆங்கிலேயர் அதைப் பார்த்துத்தான் தன்னுடையதைச் செய்தார், 1807இல் கோபன்ஹேகன் நகரம் அதில் எரிந்தது. கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்து நகரா என்னும் ஊரில் 2018இல் ஒரு பழைய கிணற்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேலே அந்தக் காலத்து ராக்கெட் குழல்கள் கிடைத்தன. அமெரிக்காவில் நாசாவின் வாலப்ஸ் ராக்கெட் தளத்துக்குப் பயிற்சிக்குப் போன அப்துல் கலாம், அங்கே வரவேற்பறையில் திப்புவின் ராக்கெட் படை சண்டை போடுகிற ஓவியம் மாட்டியிருந்ததைப் பார்த்தது அவரே எழுதி வைத்திருக்கிற விஷயம். நாம் மறந்ததை அவர்கள் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

போர்தான் ராக்கெட் என்றும் இல்லை. ஸ்டீபன் ஸ்மித் என்று ஷில்லாங்கில் பிறந்த ஒருவர் 1934இலிருந்து ராக்கெட்டில் தபால் அனுப்பிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் சிக்கிம் அரசர் ஆதரவு கொடுத்து அங்கேயும் விட்டார்கள். 1935 ஜூனில் ஒரு சேவலையும் பெட்டையையும் ராக்கெட்டில் வைத்துத் தாமோதர் நதிக்கு மேலே அனுப்பினார். இரண்டும் உயிரோடு இறங்கின. இதைச் சொன்னதிலிருந்து எங்கள் பையன்களில் ஒருவன் வீட்டுக் கோழியைப் பார்க்கிற பார்வை சரியில்லை. உயிருள்ள எதையும் ஏற்றக்கூடாது என்று அதையும் கடைச் சட்டத்தில் சேர்த்துவிட்டேன்.

நம் மாவட்டத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் வருவோம். சரக்கல்விளையில் பிறந்து தமிழ் வழியில் படித்த சிவன் 2018இல் இஸ்ரோ தலைவர் ஆனார். மேலக்காட்டுவிளை நாராயணன் 2025 ஜனவரியில் அந்தப் பதவிக்கு வந்தார். இஸ்ரோ ராக்கெட்டுகளில் வைக்கிற விகாஸ் இன்ஜினுக்குப் பாடுபட்ட நம்பி நாராயணன் நாகர்கோவில்காரர். ஆரல்வாய்மொழி தாண்டிக் காவல்கிணறு போகிற வழியில் மலைப்பக்கம் திரும்பினால் மகேந்திரகிரி, இன்ஜின்களை எரித்துப் பார்க்கிற இடம். குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியாயிற்று. ஒவ்வொரு தடவையும் முக்குக்கு முக்கு ஃப்ளெக்ஸ் கட்டுகிறோம், நானும் காசு கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்தப் பையன்கள் பாட்டில் ராக்கெட் விட ஒரு விளையாட்டு மைதானத்தைக் கேட்டபோது, எழுதிக் கொண்டுவா என்றார்கள். எழுதிக் கொடுத்தோம். மேலே கேட்க வேண்டும் என்றார்கள். மேலே கேட்டால் கீழே கேளுங்கள் என்றார்கள். கடைசியில் பையன்கள் ஆற்றங்கரைப் பக்கம் போய் விட்டார்கள், காற்று தூக்கிக்கொண்டுபோய் வாழைத் தோட்டத்தில் போட்டது.

தும்பாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பூமியின் காந்த நடுக்கோடு அந்த வழியே போகிறது என்பதற்காக ஒரு மீனவர் கிராமத்தைக் கேட்டார்கள். பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரைரா ஜனங்களிடம் எடுத்துச் சொல்ல, மரிய மதலேனாள் ஆலயத்தையே விட்டுக்கொடுத்தார்கள். அந்தக் கோயிலே ஆபீஸ் ஆனது. 1963 நவம்பர் 21 சாயங்காலம் முதல் ராக்கெட், நைக் அப்பாச்சி, அங்கிருந்து போனது. அது விட்ட சோடியம் ஆவி வானத்தில் ஆரஞ்சு நிறமாகப் பரவியதை நாகர்கோவிலில் நின்று பார்த்ததாக என் அப்பா சொல்லுவார், அன்றைக்கு ஏதோ கெட்ட சகுனம் என்று வீட்டில் விளக்கு ஏற்றினார்களாம். கோயிலையே கொடுத்தவர்கள் இருந்த பக்கத்தில், நான் கேட்பது அறுவடை முடிந்து சும்மா கிடக்கிற வயல்.

கும்பப்பூ நெல் அறுத்த பிறகு, அடுத்த போகமான கன்னிப்பூவுக்கு உழுகிற வரைக்கும் தோவாளை வட்டாரத்தில் எவ்வளவோ வயல் காய்ந்து கிடக்கிறது. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிகிற நேரமும் கிட்டத்தட்ட அதுதான். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும் அப்போது அடங்கியிருக்கும். ஆனி ஆடியில் விட்டால் பாட்டிலைத் தேடி முப்பந்தல் காற்றாலைக்குத்தான் போக வேண்டும். வயலுக்குக் குறுக்கே மின்கம்பி போகக் கூடாது. தேரூர், சுசீந்திரம் குளத்துப் பக்கம் வேண்டாம், அங்கே பறவைகள் வந்து தங்குகின்றன, அவற்றை வெருட்டி நமக்கு ராக்கெட் வேண்டாம். சனிக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால் முடித்துவிடலாம். பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். பம்பு அவர் கையில்தான் இருக்க வேண்டும். பிரேக் வயர் இழுக்கிற பிள்ளையைத் தவிர மற்றவர்கள் வரப்புக்கு அந்தப் பக்கம். பாட்டில் துண்டு ஒன்றுகூட வயலில் கிடக்கக் கூடாது, மாடு தின்றுவிடும்.

பள்ளிக்கூடங்கள் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. மகேந்திரகிரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சிலர் என்னிடம் பேத்திக்கு சைக்கிள் வாங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வந்து நின்றால் போதும், நான் விளக்கத் தெரியாமல் முழிக்கிற இடங்களை அவர் பார்த்துக்கொள்வார். மருந்து வைத்த ராக்கெட் பற்றி யாரும் பேச வேண்டாம். அது உரிமம் உள்ளவர்கள் காரியம்.

புகார் எழுதிய வாசகருக்கு: வாழைக்குலைக்கு நஷ்டம் ஏதும் ஆகியிருந்தால் கடைக்கு வாருங்கள், விலையை நான் தருகிறேன். பையன்கள் மன்னிப்புக் கேட்கவும் வருவார்கள், வந்தால் தோட்டத்தின் நீளம் அகலத்தை அளந்துகொள்ளச் சம்மதிப்பீர்களா என்றும் கேட்பார்கள். எத்தனை பவுண்டில் எவ்வளவு தூரம் போனது என்பது இன்னும் அவர்களுக்குக் கணக்குத் தீரவில்லை.

வயல் கொடுக்க மனசுள்ளவர்கள் உங்கள் நாளிதழுக்கே ஒரு வரி எழுதிப் போடட்டும். இதை வெளியிடுவதாக இருந்தால் அறுவடை முடிவதற்குள் வெளியிட வேண்டுகிறேன். சித்திரை பிறந்தால் டிராக்டர் இறங்கிவிடும்.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரர்,
பூதப்பாண்டி அருகில்,
கன்னியாகுமரி மாவட்டம்.